அப்பாவின் வண்டிக்கு நான்கு டயர்

டயர் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் மேலே புடைத்திருக்கிற பட்டனைத்தான் பார்க்கிறார்கள், ஐயா. பட்டன் தடியாக, ஆழமாக இருந்தால் நல்ல டயர் என்று ஒரு நினைப்பு. மணலுக்கு அது ஆகாது. தடித்த பட்டன் மணலைத் தோண்டும். தோண்டினால் வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். மணலுக்கு வேண்டியது அகலமான, மெத்தென்ற டயர். காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டால் ஒட்டகத்தின் பாதம் மாதிரி விரிந்து கொடுக்க வேண்டும். மணல் சூழ்ந்த எங்கள் பிதியா ஊரில் கடை வைத்த நாள் முதலாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கேட்காதவன் மணலில் உட்கார்ந்துகொண்டு எனக்கே போன் செய்வான்.

என் தங்கை ஸுவைனாவின் கணவன் முஹன்னா கேட்கிறவன். என்ஜின் விஷயத்தில் அவனிடம் யாரும் வாயைத் திறக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான். டயர் என்று வந்தால் மட்டும் என் கடை வாசலில் வந்து நிற்பான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய வாரமும் வந்து நின்றான். பெருநாள் சமயத்தில் எங்கள் ஆட்கள் பெரிய மணல்மேட்டில் வண்டி ஏற்றிப் பார்ப்பது வழக்கம். அதற்குத்தான் டயர்.

"மச்சான், நீ எதப் போடச் சொல்றியோ அதப் போட்டுக்கறேன். நான் பாக்கக்கூட மாட்டேன்" என்றான்.

பார்த்திருக்கலாம். பார்க்காதே என்று நான் சொல்லவில்லை.

அந்த வண்டியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எண்பதுகளில் வந்த லேண்ட் குரூஸர், இரண்டு கதவு, குட்டை வண்டி. என் தந்தை வாங்கியது. ஆட்டுக்குத் தீனி ஏற்றியது அதில்தான், என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான். அதைக் கழுவித் துடைத்து வைப்பது என் வேலை. சீட்டுக்கு அடியில் ஒரு மணல் துகள் இருக்க விடமாட்டேன். ஸுவைனாவின் கல்யாணத்தன்று, விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில், அப்பா அதன் சாவியை எடுத்து முஹன்னாவின் கையில் வைத்தார்.

"முஸப்பாவுக்கு வண்டியத் தொடைக்கத்தான் வரும். ஓட்டறதுக்கு இவன் மாதிரி ஆள் வேணும்" என்றார்.

முஸப்பா நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அத்தனை பேருக்கும் காவா காப்பி ஊற்றியதும் நானே. ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை.

அப்பா போன பிறகு முஹன்னா அந்த வண்டியைப் பிரித்துப் போட்டான். பெரிய என்ஜின் ஒன்றை வாங்கி இறக்கினான். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை ஒரு சாண் உயர்த்தினான். அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிய மணல் நிறத்தைச் சுரண்டிவிட்டுச் சிவப்பு அடித்தான். அவன் வண்டி, அவன் இஷ்டம். நான் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்படி உயர்த்திய வண்டிக்குத் தலைக்கனம் அதிகம், வேகத்தில் டயர் போனால் நிற்காது, உருளும் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நான்கு டயர் கிடந்தன. மணலுக்கென்றே செய்த ஜாதி, அகலம், மெத்தென்று இருக்கும். ஒரு நாளும் வண்டியில் ஏறாததால் பட்டன் புத்தம் புதிதாக இருந்தது. ஆனால் ரப்பர் சும்மா கிடந்தாலும் கிழடாகும், ஐயா, அதுவும் எங்கள் ஊர் வெயிலில், தகரத்துக்கு அடியில். டயரின் பக்கங்களில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியிருந்தது. தூக்கிப் போட வேண்டும் என்று ஒதுக்கி வைத்த சரக்கு அது. நான் அவற்றைக் கழுவி, கறுப்பு பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். பாலிஷ் போடாத கடை எது? தயாரித்த வருஷம் அச்சடித்த பக்கம் உள்ளே போகிற மாதிரி மாட்டிக் கொடுத்தேன். முஹன்னா பட்டனில் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினான். கூலி வேண்டாம் என்றேன், பெருநாள் ஆயிற்றே.

இப்படிப்பட்ட டயருக்கு மணலில் ஒன்றும் ஆகாது. மணல் மெத்தை மாதிரி, டயரை நோகடிக்காது. காற்றை இறக்கிய அதே நிலையில் சுடுகிற தார்ரோட்டில் வேகமாக ஓட்டினால்தான் ஆபத்து. டயர் உள்ளுக்குள்ளேயே மடங்கி மடங்கிச் சூடேறும். புது டயர் கொஞ்சம் தாங்கும். கிழட்டு டயர் தாங்காது.

அதனால்தான் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மணல் முடிந்து தார்ரோடு தொடங்குகிற இடத்தில் எல்லா வண்டியும் நிற்க வேண்டும். கம்ப்ரஸர் வைத்திருப்பவன் வரிசையாக எல்லாருக்கும் காற்று அடிப்பான். கடைசி வண்டிக்கு அடித்து முடிகிற வரையில் யாரும் கிளம்பக் கூடாது. எங்கள் கூட்டத்தில் கம்ப்ரஸர் என் பிக்கப்பில்தான் இருக்கிறது. மற்றவர்கள் வாங்கவே இல்லை. முஸப்பா இருக்கிறபோது நமக்கெதற்கு என்பார்கள்.

பெருநாளின் மூன்றாம் நாள் சாயங்காலம் முஹன்னா அந்த மேட்டின் உச்சியை ஒரே மூச்சில் தொட்டான். வேறு எந்த வண்டியும் முக்கால்வாசிக்கு மேல் போகவில்லை. எல்லாரும் என்னைத்தான் கட்டிப்பிடித்தார்கள், டயர் அப்படி என்று. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அன்றைக்குத்தான் ஊர்ப் பொதுக்குழியில் ஷுவா எடுக்கிற நாள். ஒவ்வொரு வீட்டாரும் மசாலா தடவிய இறைச்சியை ஓலைப் பையில் கட்டி, அடையாளம் வைத்து, முந்தின நாளே நெருப்புக் குழியில் இறக்கி மூடியிருந்தார்கள். குழியைத் திறக்கும்போது அந்தந்த வீட்டு ஆண்பிள்ளை அங்கே நின்று தன் பையை வாங்கிக்கொள்ள வேண்டும். பிந்திப் போனவனை அடுத்த பெருநாள் வரைக்கும் கிண்டலடித்தே கொன்றுவிடுவார்கள். முஹன்னாவுக்கு அந்தக் கிண்டல் ஆகாது. எவ்வளவு வேகமாகவும் போவான். நான் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

மணல் முடிகிற இடத்தில் நின்றோம். கம்ப்ரஸரின் ஃபியூஸை நான் முன்னாலேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். சுவிட்சைத் தட்டினேன், ஓடவில்லை. மறுபடி தட்டினேன். கெட்டுப்போச்சு போலிருக்கிறது, பெட்ரோல் பங்க்கில் அடித்துக்கொள்ளலாம், மெதுவாகப் போங்கள் என்றேன். மெதுவாகப் போங்கள் என்று சொன்னேன், ஐயா, அதை எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அப்படித்தான் போவதாக இருந்தார்கள்.

அப்போது ஸுவைனா, மாமியாரோடு வந்திருந்த காரிலிருந்து இறங்கினாள். புருஷன் ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு. அவனோடு போகிறேன் என்று சிவப்பு வண்டியில் ஏறிக்கொண்டாள். இதை நான் கணக்கில் வைத்திருக்கவில்லை. என் மனதில் இருந்தது வண்டி மட்டும்தான். அது ஒருமுறை உருண்டு நசுங்கிவிட்டால் யாரும் அதை ஓட்ட வேண்டியதில்லை. அவனுக்கு ஒரு கையோ காலோ முறியும், அவ்வளவுதான் என்று வைத்திருந்தேன்.

ஸுவைனா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். "அண்ணா, இப்படியே போலாமா? ஒண்ணும் ஆகாதே?"

ஃபியூஸ் என் நெஞ்சுக்கு நேராகச் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து மாட்டுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"பக்கத்துலதானே. போயிட்டு வாம்மா" என்றேன்.

அந்த வண்டியில் அவள் பக்கத்துக் கதவு லேசில் பூட்டாது. அடியில் கை கொடுத்துத் தூக்கி அடைக்க வேண்டும். அப்பா காலத்திலிருந்தே அப்படி. முஹன்னாவுக்கு அந்தப் பழக்கம் கடைசிவரை பிடிபடவில்லை. நானே தூக்கி அடைத்தேன்.

பின்னால் போய்ச் சேர்ந்தபோது வண்டி ரோட்டோரத்தில் தலைகீழாகக் கிடந்தது. பின்டயர் ஒன்று நார் நாராகக் கிழிந்திருந்தது. முஹன்னாவின் உயிர் போய்விட்டிருந்தது. ஸுவைனாவை வெளியே இழுத்து மணலில் படுக்க வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, ஆனால் நினைவு இருந்தது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும், என் சித்தப்பா மகன் வண்டியில் ஏற்றிவிடலாம் என்றார்கள். அந்த வண்டியின் டயரிலும் காற்று இல்லை. அடிபட்டவளை ஏற்றிக்கொண்டு அப்படித் தார்ரோட்டில் போகலாமா? டயர் தெரிந்த எவனும் சம்மதிக்க மாட்டான். பிக்கப்புக்குப் போய் ஃபியூஸை மாட்டினேன். நான்கு டயருக்கும் ஒழுங்காகக் காற்று அடித்துக் கொடுத்தேன். யார் கவனித்தார்கள்? எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

ஸுவைனா மட்டும் அழவில்லை. கம்ப்ரஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் மணலில் தலையைத் திருப்பி என்னையே பார்த்தாள். தாகமாக இருக்கும் என்று தண்ணீர் கொண்டுபோனேன். வாயை மூடிக்கொண்டாள்.

டயரை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கிழடு என்று தெரிந்தே மாட்டினேன். ஃபியூஸைக் கழற்றியதும் நான்தான். அவள் உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொண்டே கதவை அடைத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

புகார் கொடுத்தது ஸுவைனா என்கிறீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, அண்ணன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாளாம். வலியில் ஏதோ சொல்லியிருக்கிறாள், ஐயா. சின்ன வயதிலிருந்து நான் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். புருஷனும் இல்லாமல், எழுந்து நடக்கவும் முடியாமல் தனியாகக் கிடக்கிறாள், பாவம். ஒரே ஒரு தடவை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?