தம்பியின் ரம்பம்

கத்தரித்து முடித்த கருவியை ஈரத்தோடு வைக்கக் கூடாது, ஐயா. சிலர் அப்படியே மூலையில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். என் தம்பி அந்த ரகம்.

நாங்கள் வீடு வீடாகப் போய்ச் செடி, மரம் கத்தரித்துக் கொடுப்பவர்கள். மேலே ஏறுவது அவன், ஏணி பிடிப்பது நான். வீட்டுக்கு வந்ததும் பின்னறையில் உட்கார்ந்து கத்தரிகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பேன், பிசினைச் சுரண்டுவேன், திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். அவனுடைய ரம்பத்தை மட்டும் தொட விடமாட்டான். பல்லெல்லாம் பிசின் அப்பி மொக்கையாகிக் கிடக்கும். உடம்பையே பின்னால் சாய்த்துத் தொங்கி இழுத்துத்தான் அறுப்பான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எங்க அண்ணனுக்குக் கல்யாணமே வேணாம், கத்தரிக்கோலோட குடும்பம் நடத்துறார்" என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நானும் சிரித்து வைப்பேன்.

என்னைக் கோபக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். போன வாரம் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"அண்ணே, தப்பா நினைக்காத. மண்ணெண்ணெய் நாத்தம் அவளுக்கு ஒத்துக்கல. நீ வேற இடம் பாத்துக்கோ."

அவன் மனைவி தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "பாத்துக்கலாம்டா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன். வலித்தது. அப்பா போனபிறகு அவனை ஆளாக்கியவன் நான்.

மறுநாள் அவர்கள் இருவரும் கடைக்குப் போயிருந்தபோது ரம்பத்தை எடுத்தேன். பல் இடுக்கில் இருந்த பிசினைக் கரைத்தேன். ஒவ்வொரு பல்லுக்கும் பொறுமையாக அரம் போட்டேன். ரம்பத்தின் தகட்டில் இருந்த துருவையும் அழுக்கையும் அப்படியே விட்டுவிட்டேன். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. ஆனால் பளபளத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

என்ன நடக்கும் என்று தெரிந்துதான் செய்தாயா என்று கேட்டீர்கள். தெரியும். மொக்கை ரம்பத்துக்குப் பழகிய உடம்பு கூரான ரம்பத்தில் நிலை தடுமாறும். இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரு டாக்டர் வீட்டு முற்றத்தில் காய்ந்த கிளை. தம்பி வழக்கம்போல முழு உடம்பையும் சாய்த்து இழுத்தான். கிளை பொசுக்கென்று வந்துவிட்டது.

"அண்ணே, ஏணி... ஏணியப் பிடி."

அப்போது அவன் விழவில்லை. ஒற்றைக் காலில் தத்தளித்துக்கொண்டிருந்தான். நான் அழுத்திப் பிடித்திருந்தால் ஏணி நின்றிருக்கும், அவனும் இன்று வீட்டில் இருந்திருப்பான். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. தம்பி மேல் வெறுப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். அவன் கையிலிருந்து ரம்பம் நழுவிவிட்டது. ஏணியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டி அதைப் பிடித்துவிட்டேன்.

கீழே கல்தரை, ஐயா. விழுந்திருந்தால் ஒரு பல்கூட மிஞ்சியிருக்காது.