சவரக் கத்தியும் சர்க்கரையும்

– விரலை நீட்டுங்க. பாருங்க, சர்க்கரை முந்நூத்தி நாப்பது! நேத்தும் இதே கூத்து!

– அட விடு. சலூனுக்கு ஆள் வர்ற நேரம்.

– வரட்டும், பாக்கட்டும். காலையில வீட்ல நூத்தி முப்பதுதான் இருந்துச்சு. கடைக்கு வந்தா மட்டும் எப்படிங்க ஏறுது? மறைச்சு மறைச்சு என்னத்த தின்னீங்க?

– நீ கட்டிக் குடுத்த சோத்தைத்தான். அட, எங்கண்ணனுக்கும்தான் சர்க்கரை. ஒரு மாத்திரைய முழுங்கிட்டு ராஜா மாதிரி திரியறான்.

– அவருக்குக் கணையம் சோம்பேறி. தட்டி எழுப்ப மாத்திரை போதும். உங்களுக்குக் கட்டியோட சேர்த்துக் கணையத்தையே எடுத்தாச்சே! இனிமே ஒரு சொட்டு இன்சுலின்கூட உடம்புல ஊறாது, ஊசிதான் கதின்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!

– இன்னொண்ணும் சொன்னாரு. சர்க்கரை ரொம்ப இறங்கினா தூக்கிவிடற சரக்கும் அங்கதான் ஊறுமாம். அதுவும் போச்சு. இறங்கினா கிணத்துல போட்ட கல்லுதான்.

– அதுக்குத்தானே மேஜை டிராயர்ல குளுக்கோஸ் வெச்சிருக்கேன்? பேச்சை மாத்தாதீங்க. மத்தியான ஊசி போட்டீங்களா?

– போட்டேன்.

– என் தலைமேல கை வெச்சுச் சொல்லுங்க. முழுசா போட்டீங்களா?

– பாதி.

– பாதியா! அடப்பாவி மனுசா! நான் சோத்தைக் கப்புல அளந்து போட்டுட்டு உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், நீங்க யாருக்கு வந்த விருந்தோன்னு இருக்கீங்க. கண்ணு போனா யாரு முடி வெட்டறது? அறுத்துப் பொழைச்சு வந்தது இதுக்குத்தானா?

– கத்தாத.

– கத்தாம? வீட்ல ஒருத்தராவது சொன்ன பேச்சு கேக்கறீங்களா? உங்க மகன் அதுக்கு மேல. அப்பன் சலூன் வெச்சிருக்கறப்ப எவன் கடையிலயோ போய் ஷேவ் பண்ணி, கழுத்துல நாலு தையலோட வந்து நிக்கறான்.

– முழு ஊசி போட்ட அன்னிக்குக் கூட்டம். டிபன் டப்பாவைத் திறக்க நேரமில்ல. சர்க்கரை இறங்கிக் கை நடுங்க ஆரம்பிச்சது எனக்கே தெரியல. கத்தி புடிச்ச கை.

– என்னங்க சொல்றீங்க?

– பாதி போட்டா நான் ஒருத்தன்தான் கெடுவேன். முழுசா போட்டா...

– ஐயோ! யார் மேலயாவது பட்டிருச்சா? யாருங்க?

– அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். அவன் போனது வேற கடைக்கு இல்ல. இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தான்.