ஒரு ரூபாய்க் கிடங்கு

கோதண்டம்: பாத்து வாம்மா, அந்தக் கல்லு ஆடும்... எந்த ஆபீசுன்னு சொன்னே?

ஃப்ளோரன்ஸ்: கம்பெனி கணக்கு ஆபீசுண்ணே. பேரு ஃப்ளோரன்ஸ். இந்தத் திருவொத்தியூர் கரையில கம்பெனிக்கு ரெண்டு ஏக்கர் நிலம், அதுல இந்தக் கிடங்கு. உள்ள யாராவது...

கோதண்டம்: யாரும் இல்ல. எங்க வலைதான் கெடக்குது.

ஃப்ளோரன்ஸ்: சரி, நிலம் எங்கண்ணே?

கோதண்டம்: தோ, அலை மடங்குது பாரு... அதான்.

ஃப்ளோரன்ஸ்: அவ்ளோவுமா?

கோதண்டம்: அவ்ளோவும். மூணே மழைக்காலம், முழுங்கிடுச்சு. கெடங்கு நிக்கிற எடம்தான் மிச்சம்.

ஃப்ளோரன்ஸ்: மாதாவே... எங்க பேரேட்டுல ரெண்டு ஏக்கரும் அப்படியே இருக்கு. ஒரு பைசா குறையல.

கோதண்டம்: தண்ணிக்குள்ள போனதுக்கா?

ஃப்ளோரன்ஸ்: நிலத்துக்குத் தேய்மானம் கிடையாதுண்ணே. கட்டடத்துக்குத்தான் வருஷா வருஷம் கழிப்போம். இந்தக் கிடங்கைக் கழிச்சுக் கழிச்சு ஒரு ரூபாய்க்குக் கொண்டுவந்துட்டோம்.

கோதண்டம்: ஒரு ரூபாயா... அந்தச் செவுத்தத் தட்டிப் பாரும்மா.

ஃப்ளோரன்ஸ்: அசையலையே. எப்படிண்ணே நிக்குது?

கோதண்டம்: காம்பவுண்டு செவுரு கடல்ல வுழுந்துச்சில்ல... முழுகி முழுகி அந்தக் கல்லுங்கள எடுத்தாந்து அடில அண்டை குடுத்தோம். அஞ்சு வருசமா. ஆம்பள பொம்பள எல்லாரும்.

ஃப்ளோரன்ஸ்: கடலுக்குள்ள இருந்தா... கையப் பாருங்க, புல்லரிச்சுப் போச்சு. ஆமா, எல்லாரும்னா யாரு? உள்ள அடுப்புப் புகை வருதே.

கோதண்டம்: பதினோரு குடும்பம்மா. பக்கத்துல இருந்த எங்க குப்பமும் அப்பவே போயிடுச்சு. செல்லம்மாவுக்கு முந்தாநேத்துதான் கொழந்த பொறந்துச்சு. பழைய கட்டடத்தையெல்லாம் கம்பெனி இடிச்சு விக்குதாமே... அதுக்குத்தான் வந்தியா?

ஃப்ளோரன்ஸ்: பட்டியல்ல இருக்கறதை இடிப்பாங்க.

கோதண்டம்: அந்தப் பட்டியல்ல இது கீதா?

ஃப்ளோரன்ஸ்: 'திருவொத்தியூர்ச் சொத்து கடலோட போச்சு'ன்னு ஆபீசுக்குச் சேதி வந்தது. எது போச்சுன்னு அதுல இல்ல. எங்க கணக்குல நிலம் எங்கயும் போகாது. அதனால, வந்து பாக்காமலே, கிடங்கைத்தான் போன வருஷம் பட்டியல்லேருந்து கோடு போட்டு அடிச்சுட்டேன்.

கோதண்டம்: நிக்கிறத அடிச்சிட்டு, போனத வெச்சிகினு கீறியா?

ஃப்ளோரன்ஸ்: ஆமாண்ணே. மனசு கேக்காம, சரிபார்த்துத் திருத்தலாம்னுதான் வந்தேன்.

கோதண்டம்: அப்போ... திருத்தப் போறியா?

ஃப்ளோரன்ஸ்: என்னை யாரும் அனுப்பலண்ணே. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. வீட்ல, சர்ச்சுப் பூசைக்குப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன்... நான் இங்க வரவே இல்ல.