இரண்டாவது பொத்தான்

“ரெண்டு கையிலயும் தட்டு இருந்துச்சு, மிஸஸ் ராம்ஸ்டன்! அவரு பொத்தானை எதால தொட்டாரு? மூக்காலயா?” என்று பெரில் கத்தினாள்.

“கத்தாதடி! நாடகம் பாத்த சனங்க இன்னும் வெளிய கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க,” என்று அவளைவிட உரக்கக் கத்தினார் கிரிம்ஷா.

நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சண்டை நடக்கிறதே என்று தேநீரை ஆறவிடுகிற வழக்கம் எனக்கு இல்லை. அதிலும் ஆம்ப்ரோஸுக்கு ஆறின தேநீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

அவருக்கு இந்த மறதி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்களே டாக்டர், அந்தச் சண்டை நடந்த திங்கட்கிழமை மாலையில்தான். படம் எடுத்துப் பார்த்தீர்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள், தலையில் ஒரு கோளாறும் இல்லை என்கிறீர்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஆனால் இங்கேயே சில வாரம் படுக்க வைத்துப் பார்க்கவேண்டும், அதுவரை மனைவிகூட வரக்கூடாது என்றீர்கள் பாருங்கள், அது தேவையில்லை. ஏன் தேவையில்லை என்று சொல்கிறேன். கதவைச் சாத்திவிடுங்கள், அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், காது கூர்மை.

ஆம்ப்ரோஸ் டின்ஸ்லியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஆனால் பேர் தெரிந்திருக்காது. குணச்சித்திர நடிகர்களின் தலையெழுத்து அது. லெஸ்டரில் செருப்புக் கடைக்காரர் மகன். கல்யாண மாப்பிள்ளையாக நடிக்க அந்த விரிந்த காதுகள் விடவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்தே கிழவன் வேஷம்தான். பாதிரியார், நீதிபதி, குடித்துவிட்டு உளறும் கப்பல் கேப்டன், எல்லாவற்றுக்கும் மேலே பட்லர். சினிமாவில் இரண்டு தடவை வந்தார். ஒன்றில் கதவைத் திறப்பார். இன்னொன்றில் முதுகு மட்டும் தெரியும். அந்த முதுகுக்காக நான் மூன்று தடவை டிக்கெட் வாங்கினேன். பக்கத்து வீட்டு மிஸஸ் ஆக்ராய்டுக்கு அது யாருடைய முதுகு என்று நான் சொல்லித்தான் தெரியும்.

எங்கள் ஸ்கார்பரோவில் கிரிம்ஷா ஒரு நாடகக் குழு நடத்திவந்தார். வாரத்துக்கு ஒரு நாடகம். மாலையில் ஒன்றை நடிப்பார்கள், காலையில் அடுத்ததை உருப்போடுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எந்தக் கொலையை யார் செய்தார்கள் என்பதே குழம்பிப்போகும். அதனால்தான் மேடை ஓரத்தில், திரைக்குப் பின்னால், ஒருத்தி உட்கார்ந்து மறந்த வசனத்தை எடுத்துக்கொடுக்க வேண்டும். அந்த ஒருத்தி நான். பகலில் நடிகர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுக் கஞ்சி காய்ச்சுவேன், மாலையில் அவர்கள் வாயில் வார்த்தை ஊட்டுவேன். இரண்டும் ஒரே வேலை என்று கிரிம்ஷா கேலி செய்வார்.

இந்தத் தொழிலில் பெரிய பாவம் ஒன்று உண்டு. நடிகர் வேண்டுமென்றே மௌனமாக நிற்கும்போது, மறந்துவிட்டார் என்று நினைத்து வரியை எடுத்துக்கொடுப்பது. தேவாலயத்தில் எல்லோரும் கண்மூடியிருக்கும்போது பாத்திரத்தை உருட்டின மாதிரி. ஆம்ப்ரோஸின் பிழைப்பே மௌனத்தில்தான் இருந்தது. ஆகவே வந்த புதிதிலேயே என்னோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்.

“மிஸஸ் ராம்ஸ்டன், நான் நிஜமாவே மறந்துட்டேன்னா இந்த ரெண்டாவது பொத்தானைத் தொடுவேன். தொடலைன்னா ஊரே தீப்பிடிச்சாலும் வாயத் திறக்காதீங்க.”

அவர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. மற்றவர்கள் என்னை நம்பிக் குடித்துவிட்டு வருவார்கள். இவர் என் வீட்டு மாடியில் இருந்துகொண்டு, என் முள்ளில்லாத மீனைத் தின்றுகொண்டு, எனக்கு மாலையில் ஒரு வேலையும் வைக்கமாட்டார். குறையாகச் சொல்லவில்லை.

அந்த வசந்தத்தில் ஒரு பிரபு வீட்டு நாடகம் போட்டார்கள். பெரில்தான் வீட்டுக்கார அம்மாள். வயது போதாது, தலையில் மாவு கொட்டி நரைக்க வைத்தோம். மகன் போரில் செத்துவிட்டான் என்று அவளுக்குத் தந்தி வரும். அந்தப் பையனைத் தோளில் தூக்கி வளர்த்த பட்லர் தேநீர்த் தட்டோடு பக்கத்தில் நிற்பார். அவள் தந்தியைச் சத்தமாகப் படிப்பாள். அவர் அழமாட்டார், அசையமாட்டார். தட்டில் கோப்பை ஒரே ஒரு தடவை ‘டிங்’ என்னும். இருமுகிறவர்கள்கூட இருமலை விழுங்குவார்கள். அப்புறம் கேட்பார்: “ராத்திரி சாப்பாட்டுக்கு எத்தனை பேருக்கு வைக்கட்டும், மேடம்?”

லீட்ஸ் பத்திரிகைக்காரன் அந்த மௌனத்தைப் பற்றி எழுதினான். அது லண்டனில் ஹேலார்ட் என்ற பெரிய நாடக முதலாளியின் கண்ணில் பட்டது. இலையுதிர் காலத்தில் அதே நாடகத்தை மறுபடி போடுங்கள், அந்த வாரம் வியாழக்கிழமை வருகிறேன், பிடித்தால் அந்த பட்லரை லண்டனுக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று பத்திரிகைக்காரனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ராம்ஸ்டன் ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு லீட்ஸுக்கு வியாபார விஷயமாகப் போனார். வியாபாரத்துக்கு மஞ்சள் முடி, சொந்தத்தில் தொப்பிக் கடை. அவள் வீட்டுப் படியில் விழுந்து செத்தார். தந்தி வந்த காலையில் நான் ஆம்ப்ரோஸுக்குக் காலைச் சாப்பாடு எடுத்துப்போய்க்கொண்டிருந்தேன். ஒரு கையில் தந்தி, ஒரு கையில் தட்டு. கோப்பை ஒரு தடவை சத்தம் போட்டது. பிறகு, “கஞ்சிக்குப் பால் விடட்டுமா, மிஸ்டர் டின்ஸ்லி?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை ஞாபகமிருக்கிறது. பரிதாபம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மீன்காரனின் நடையையும் தபால்காரனின் இருமலையும் அவர் அப்படித்தான் பார்ப்பார் என்பது மேடையில் அந்த ‘டிங்’கைக் கேட்டபோதுதான் புரிந்தது. அதற்காகக் கோபப்பட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். பெருமையாகத்தான் இருந்தது. என்னுடையது ஒன்றை அவர் தினமும் மாலையில் கையில் ஏந்தி நின்றார்.

நாடகத்தை மறுபடி போடும் வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை புட்டிங்கும் பாகுமாக விருந்து வைத்தேன். அவர் கறுப்பு பீர் வாங்கிவந்தார். கன்னமெல்லாம் சிவந்து, பையன் மாதிரி இருந்தார்.

“மிஸஸ் ராம்ஸ்டன், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு…”

நான் சமையல் மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, முடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன்.

“லண்டன்ல உங்களுக்குத் தெரிஞ்ச வீட்டுக்காரம்மா யாராச்சும் இருக்காங்களா? உங்க கஞ்சி மாதிரியே காய்ச்சணும். அதுதான் கவலையா இருக்கு.”

விசாரிக்கிறேன் என்றேன். பாத்திரம் கழுவினேன். அன்று மதியம் மாடியில் அவர் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டும் சத்தம் கேட்டது. ஒரு பெட்டி என் வாசல்படி தாண்டிப் போனதைப் பார்த்தவள் நான். இன்னொன்று போவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தொட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லண்டன் அவரைத் தின்றுவிடும் என்பதும் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. நான் வேறென்ன செய்ய முடியும்?

திங்கட்கிழமை, கோப்பை ‘டிங்’ என்றதும், மௌனத்துக்குள் நான் வரியை எடுத்துக்கொடுத்தேன். தெளிவாக, மூன்றாவது வரிசைக்குக் கேட்கும்படி: “ராத்திரி சாப்பாட்டுக்கு…”

கூட்டத்தில் யாரோ ஐயோ பாவம் என்றார்கள். அதற்குத்தான் பெரில் அந்தக் குதி குதித்தாள். எதிரே நின்றவள் அவள், அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

“நான் தொட்டேனா, மிஸஸ் ராம்ஸ்டன்?” என்று ஆம்ப்ரோஸ் கேட்டார்.

“தொட்டீங்களே.”

“அப்ப தட்டை ஒரு கைக்கு மாத்தியிருப்பேன்,” என்றார் மெதுவாக. பிறகு பெரிலைப் பார்த்து, “அவங்க பொய் சொல்ல மாட்டாங்கம்மா. இத்தனை வருஷமா அங்க உக்காந்திருக்காங்க,” என்றார்.

செவ்வாயும் எடுத்துக்கொடுத்தேன். கிரிம்ஷா அவரைத் தோளில் தட்டி, “வயசாகுதுய்யா, ஒண்ணும் தப்பில்ல. பாதாம் தின்னு,” என்றார். புதன்கிழமை நான் எடுத்துக்கொடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. மௌனம் வருவதற்குள் அவரே அவசர அவசரமாக வரியைச் சொல்லி முடித்துவிட்டார். கோப்பை சத்தம் போடவில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், உப்புப் போட்டுக்கொண்டோமா என்று என்னைக் கேட்டார். போட்டுக்கொள்ளவில்லை என்றேன். போட்டிருந்தார்.

மாடியில் அவர் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப்பார்த்தது கீழே கேட்டது. ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும், இது சரிதானா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் சூடாகப் பால் எடுத்துப்போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் முதல் தடவை.

“நாளைக்கு நீங்க இருப்பீங்கல்ல?”

“எங்க போகப்போறேன், மிஸ்டர் டின்ஸ்லி?”

வியாழக்கிழமை ஹேலார்ட் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரில் தந்தியைப் படித்தாள். ஆம்ப்ரோஸ் நின்றார். கொஞ்ச நேரத்துக்கு அது பழைய மௌனமாகவே இருந்தது, நான்கூடப் பயந்துவிட்டேன். பிறகு அவர் கண் என் பக்கம் திரும்பியது. தட்டைக் குனிந்து மேஜையில் வைத்தார், யாருக்கும் அவசரமில்லை என்பது போல. வலது கையைத் தூக்கி இரண்டாவது பொத்தானைத் தொட்டார்.

நான் மடியிலிருந்த கைக்குட்டையை மடித்தேன்.

மறுபடி தொட்டார். அப்புறம் அதைப் பிடித்துத் திருக ஆரம்பித்தார். மௌனத்துக்கும் மறதிக்கும் வித்தியாசம் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவனுக்கு நன்றாகத் தெரியும் டாக்டர். மாடி வரிசையில் ஒருவன் சிரித்தான். பெரில்தான் தாங்கமாட்டாமல், “ராத்திரி சாப்பாட்டுக்கு எத்தனை பேருன்னுதானே கேக்கப்போறீங்க?” என்றாள். கூட்டம் மொத்தமும் சிரித்தது. பொத்தான் அறுந்து மேடையில் உருண்டு என் காலடிக்கு வந்தது. அன்றே தைத்துக்கொடுத்தேன்.

“தொட்டேனே, மிஸஸ் ராம்ஸ்டன்?” ஒப்பனை அறையில் அவர் கேட்டார்.

“இல்லையே,” என்றேன். “நீங்க தொடவே இல்லை.”

அவர் ரொம்ப நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுந்த நூல் விரலில் இருந்தது. அதைப் பார்த்தும் என்னைத்தான் நம்பினார். அப்படி ஒரு நம்பிக்கை எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்?

பெரில் மறுநாள் என் சமையலறைக்கே வந்துவிட்டாள். “நீங்க பாத்தீங்க. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க,” என்றாள். பன் சாப்பிடுகிறாயா என்றேன். “நீங்க மனுஷியா?” என்றாள். வெண்ணெய் தடவட்டுமா என்றேன். கிரிம்ஷாவிடம் போய்ச் சொன்னாள். அவர் அதற்குள் வேறு பட்லரைப் பிடித்துவிட்டதால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் அந்த ஓரத்தில் உட்கார ஆரம்பித்தபோது பெரில் பிறந்தேயிருக்கமாட்டாள் என்றாராம். அவ்வளவு வயது எனக்கு இல்லை.

ஆகவே நோய் என்று ஒன்று இல்லை டாக்டர். நான்தான். இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. இனிமேல் அவரை இங்கே படுக்கவைக்க ஒரு காரணமும் கிடையாது, இல்லையா? அவர் போட்ட உப்பை அவருக்குச் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்? இந்த வராந்தாவில் அவரை விட்டுவிட்டு அந்த வீட்டுக்கு நான் தனியாகத் திரும்பிப் போக முடியாது. அது மட்டும் என்னால் முடியாது.

பெரில் மின்வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு கனடா போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஆம்ப்ரோஸ் பேருக்கு மட்டும் வாழ்த்து வரும், என் பேர் இருக்காது; அவளுக்கு எப்போதுமே மரியாதை போதாது. கிரிம்ஷா தொலைக்காட்சிக்குப் போனார், அவருடைய இரண்டாவது மனைவி வேறு எங்கோ போனாள். நாடகக் கொட்டகையில் இப்போது சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுக்கிறார்கள். லண்டனில் அந்த பட்லர் வேஷத்தை யாரோ ஒருவர் நடித்து, அப்புறம் சினிமா முழுக்க அவர் முகம்தான். ஆம்ப்ரோஸிடம் நான் அதைச் சொல்லவில்லை.

நாங்கள் மறு வசந்தத்தில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டோம். இன்னும் என்னை மிஸஸ் ராம்ஸ்டன் என்றுதான் கூப்பிடுகிறார். அதை மறதியில் சேர்க்காதீர்கள், அது பழக்கம். அன்றைக்குப் பதிவாளர் அவரிடம் சம்மதமா என்று கேட்டபோது அவர் பேசாமல் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். மிஸஸ் ஆக்ராய்டு தும்மலை அடக்கிக்கொண்டாள். கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன, பொத்தான் பக்கம் போகவே இல்லை. நான் வரியை எடுத்துக்கொடுத்தேன். உடனே சொல்லிவிட்டார்.

வேண்டுமானால் அவரை உள்ளே கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போக விருப்பமா, இங்கே இருக்க விருப்பமா என்று நீங்களே கேட்டுப்பாருங்கள். கொஞ்சம் பேசாமல் நிற்பார், பதற்றப்படாதீர்கள். நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.