பாக்குவெட்டிக் காயம்

எனக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் கிடையாது, ஐயா. காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன் வாய் சிவக்க நின்றால் நோயாளிக்கு அருவருப்பாக இருக்கும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் இருந்த பாக்குவெட்டி அம்மாவுடையது. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அதில் பாக்கு வெட்டியவர் யாரும் இல்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

என் பெயர் பொன்னழகு. சொந்த ஊர் அமராவதிபுதூர். காரைக்குடியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாகக் கம்பவுண்டர். சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்று மாஜிஸ்ட்ரேட் என்ற முறையில் நீங்கள் எச்சரித்தது எனக்குப் புரிந்தது. கட்டாயத்தால் நான் சொல்லவில்லை. இந்த ஊர் ஒரு மாதத்துக்கு மேலாக வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருக்கிறது. ஒருவனாவது நடந்ததை நடந்தபடி சொல்லட்டும் என்றுதான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு இருப்பது ஒரே தங்கை, மீனம்மாள். பத்தொன்பது வயது. காளையார்கோவிலில் இருக்கும் எங்கள் அம்மாக்கண்ணு அத்தையின் மகன் சேதுபதிக்கு அவளைத் தை மாதம் பரிசம் போட்டோம். பங்குனியில் கல்யாணம். பரிசம் போட்ட பெண்ணைக் காத்துக் கருப்பு அண்டாமலிருக்க இடுப்பில் ஒரு துண்டு இரும்பைச் செருகிக்கொள்ளச் சொல்வார்கள். மீனம்மாள் அம்மாவின் பாக்குவெட்டியைச் செருகிக்கொண்டாள்.

மாசி மகத்துக்குத் திருக்கோஷ்டியூர் தெப்பக்குளத்தில் விளக்கு வைக்க அத்தை வீட்டாரோடு வண்டியில் போனாள். திரும்பி வரும் வழியில், விடியும் நேரத்தில், ஒரு கண்மாய்க் கரையில் மாடுகளை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். முகம் கழுவ இறங்கியவளை மூன்று பேர் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் ஒரு மோர்க்காரி அவளைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் விட்டாள். கழுத்திலும் காதிலும் ஒன்றும் இல்லை. பாழடைந்த காளவாசல் ஒன்றில், செங்கல் சூளைக்குள், அடைத்து வைத்திருந்தார்களாம். அவர்கள் முகத்தில் துண்டு கட்டியிருந்ததால் ஆள் தெரியாது, குரல் மட்டும் தெரியும் என்றாள். நகையைப் பிரிப்பதில் அவர்களுக்குள் தகராறு வந்து, இவளை ரோட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நீ என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"கத்துனா கொன்னுபோடுவோம்னானுக. சும்மா இருந்தேண்ணே. உசுரோட வீட்டுக்கு வரணும்ல" என்றாள்.

இடுப்பில் இரும்பு இருந்ததே என்றேன். இருந்தது என்றாள். அதை எடுத்துப் பத்திரமாக என் கையில் கொடுத்தாள். அதை வாங்கியபோது எனக்கு வந்த ஆத்திரம் அந்த மூன்று பேர் மேல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஊர் ஆரம்பித்தது. பஜாரில் இருக்கும் காபி கிளப்பில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. ரயில் வந்த பிறகு கண்டவனும் ஊருக்குள் வருகிறான் என்றார் ஒருவர். பெண்களைத் திருவிழாவுக்கு அனுப்புவதே தப்பு என்றார் இன்னொருவர். பர்மாவிலிருந்து வந்திருந்த ஒருவர், அங்கெல்லாம் பெண்கள் மடியில் கத்தி வைத்திருப்பார்கள் என்றார். பெண்களுக்கும் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று ஜவுளிக்கடைக்காரர் சொல்ல, கொடுத்தால் முதல் குண்டு உமக்குத்தான் என்று எல்லாரும் சிரித்தார்கள். வக்கீல் குமாஸ்தா இராமு ஒரு நாள் பீனல் கோடு புத்தகத்தையே கொண்டுவந்து நூறாவது பிரிவை வாசித்தார். பெண்ணைக் கடத்த வருகிறவனை அவள் கொன்றே போட்டாலும் அது தற்காப்புதான், குற்றம் இல்லை என்று விளக்கினார். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். சட்டமே கொல்லலாம் என்கிறது, இவள் ஏன் கொல்லவில்லை?

அங்கே இருந்த ஒவ்வொருவரும் அந்தக் கண்மாய்க் கரையில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் மூன்று பேரையும் தண்ணீரில் அமுக்கியிருப்பாராம். அவர் ஆஸ்பத்திரியில் பல் பிடுங்க வந்து இரண்டு முறை எழுந்து ஓடியவர். அந்த மூன்று பேர் யார், எங்கே போனார்கள் என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை. எனக்கு இது பெரிய சலிப்பாக இருந்தது, ஐயா.

அத்தை வந்தாள். மீனம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவினாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"நாங்க ஒண்ணும் சொல்லலப்பா. ஒரு கீறல்கூட இல்லையாமேன்னு ஊருல கேக்குறாக. அவுகளுக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்றாள்.

அத்தை கெட்டவள் இல்லை. அவளும் ஊருக்கு நடுவில்தானே இருக்கவேண்டும். கல்யாணம் நின்றால் மீனம்மாளை வேறு யாரும் கட்டமாட்டார்கள். கோயிலிலும் கிணற்றடியிலும் அவளைப் பார்த்து ஒதுங்குவார்கள். நான் இருக்கும்வரை சோறு போடுவேன், அதற்குப் பிறகு? அத்தை கேட்டது பெரிய பொருளா? ஒரு கீறல். அதை என்னால் கொடுக்க முடியும்.

அன்று மாலை ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டு மீனம்மாளை அடுப்படியில் உட்காரச் சொன்னேன். ரவிக்கைக் கைக்கு உள்ளே, தோளை ஒட்டி ஐந்து கோடு. நகம் பட்டால் ஆரம்பத்தில் ஆழமாகவும் முடிவில் மெலிந்தும் இருக்கும், அப்படியே போட்டேன். மேலே டிங்சர் தடவினேன். அவள் அழவும் இல்லை, கையை இழுக்கவும் இல்லை. சும்மா இருந்தாள். இதற்குத்தான் இவள் லாயக்கு என்று எனக்குள் எரிச்சல் வந்தது உண்மை.

அடுத்த நாள் காபி கிளப்பில் சொன்னேன். தங்கை பயத்தில் முதலில் முழுதும் சொல்லவில்லை. ஒருவன் இடது கையைப் பாக்குவெட்டியால் வெட்டியிருக்கிறாள், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில். அதில் பயந்துதான் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அவள் இரண்டு பேரை வெட்டியிருந்தாள். பேய்க்கு வைத்த இரும்பு மனுஷனுக்கும் ஆகும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பாத்திரக்கடையில் பாக்குவெட்டி தீர்ந்துபோனது. மதுரையிலிருந்து வரும் ஒரு பத்திரிகையில் பெயர் போடாமல் நாலு வரி வந்தது. அத்தை மல்லிகைப்பூவும் சீப்புப் பழமுமாக வந்து நாள் குறித்துவிட்டுப் போனாள்.

மீனம்மாள் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்படிக் காயம்பட்ட ஆளு யாரும் இல்லாமப் போனா என்னண்ணே செய்வீக?"

அது போலீஸார் வேலை என்றேன்.

போலீஸாரும் அப்படித்தான் நினைத்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்து, இடது கையில் வெட்டுக்காயத்தோடு எவன் வந்தாலும் உடனே சொல்லியனுப்ப வேண்டும் என்று என்னிடம் சொன்னார். ஊரே கைகளைப் பார்க்க ஆரம்பித்தது. சாவடியில், ஊருணிக் கரையில், காபி டம்ளரை வாங்கும்போது, எங்கும் இடது கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். முதலில் விளையாட்டாக இருந்தது. பத்து நாள் கழிந்தது. வெட்டுப்பட்ட கை எதுவும் அகப்படவில்லை. பிறகு மெல்ல, வெட்டுப்பட்டவனே இல்லை என்றால் வெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆரம்பித்தார்கள். பாக்குவெட்டி வாங்கிய அதே ஜனங்கள்தான். கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ளிவைக்கலாமா என்று அத்தையிடமிருந்து ஆள் வந்தது. ஒரு பொய்யைக்கூட முழுதாக நம்பத் தெரியாத ஊர் இது.

சின்னக்கருப்பு வந்தது அப்போதுதான். விறகு வண்டிக்காரன், காளையார்கோவில் பக்கத்து ஆள். முப்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை, இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. கருவேல முள் குத்தி, இடது கையில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சீழ் வைத்திருந்தது. டாக்டர் காலையிலேயே பார்த்துவிட்டுப் போயிருந்தார். சின்னக் கட்டிகளை நான்தான் கிழிப்பது வழக்கம்.

"ஊரே கையப் பாக்குது, நீங்க ஒருத்தரு பாக்கலைன்னா எப்புடிய்யா" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. மீனம்மாளைத் தூக்கிக்கொண்டு போன அன்று விடியற்காலையில் சின்னக்கருப்பு எங்கள் ஆஸ்பத்திரிக் கொல்லையில் விறகு இறக்கிக்கொண்டிருந்தான். விறகு வந்த சீட்டில் கையெழுத்துப் போட்டவனே நான்தான்; அதை மீனம்மாளிடமும் ஒரு நாள் சொல்லியிருக்கிறேன். அவன்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. நல்ல மனுஷன். மழையில் நனையாமல் விறகின்மேல் தன் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வருவான்.

கிழிக்க வேண்டிய கட்டிதான். கொஞ்சம் நீளமாகக் கிழித்தேன். பாக்குவெட்டி பட்டால் ஒரு பக்கம் வெட்டும், மறுபக்கம் நசுங்கும். அதனால் இடுக்கியின் பிடியால் மறுபக்கத்தை இரண்டு முறை அழுத்தினேன். வலிக்கிறதா என்று கேட்டேன். வலிச்சாத்தான ஆறும் என்றான். சுத்தமாகக் கழுவி, கட்டுப் போட்டு, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கும்பிட்டுவிட்டுப் போனான்.

சப் இன்ஸ்பெக்டருக்கு நான் சொல்லியனுப்பவில்லை. சொன்னால் அவர் மீனம்மாளை அழைத்து அவன் குரலைக் கேட்கச் சொல்வார். எங்கள் வீட்டுக்கும் அவன்தான் விறகு போடுவான்; பழகிய குரல், அது இவன் இல்லை என்று அவள் சொல்லிவிடுவாள். அதனால் காபி கிளப்புக்குப் போனேன். பாக்குவெட்டிக் காயம் ஆற எத்தனை நாள் ஆகும் என்று உங்கள் புத்தகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று இராமுவிடம் கேட்டேன். ஏன் என்றார். ஒரு விறகு வண்டிக்காரனுக்கு இப்போதுதான் கட்டுப் போட்டேன் என்றேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. காசு கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த நாள் சந்தை. நடுப்பகல். விறகு வண்டிகள் நிற்கும் பக்கம் கூட்டம் கூடுவதைப் பார்த்து நானும் போனேன். அவன் கட்டைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். காயத்தைப் பார்த்தவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். ஏற்கெனவே நாலைந்து அடி விழுந்திருந்தது. அவன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது.

"அந்தா கம்பவுண்டரய்யாவே வந்துட்டாக. அவுகளக் கேளுங்க. முள்ளு குத்துனதுக்கு அவுகதான் கிழிச்சாக" என்றான்.

அடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினோரு பேர். காத்திருந்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர்கள் திரும்பிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிடவில்லை. அவனுடைய மாடுகள் மட்டும் கட்டியிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின. சாயங்காலம் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை.

ஊரில் மறுபடியும் விவாதம். அவன் மாடு ஓட்டும் தார்க்குச்சியை ஓங்கினான், எங்களைக் காப்பாற்றிக்கொள்ள அடித்தோம் என்று அந்தப் பதினோரு பேரும் சொன்னார்கள். இராமு மறுபடியும் நூறாவது பிரிவை எடுத்துக்கொண்டு வந்தார். அத்தை கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ள வேண்டாம், பங்குனிக் கடைசியிலேயே முடித்துவிடலாம் என்று சொல்லியனுப்பினாள். எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது, ஐயா.

மீனம்மாள்தான் கெடுத்தாள். செத்தவன் பெயரைக் கேட்ட அன்றே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பட்டப்பகலில் தனியாக ஸ்டேஷனுக்கு நடந்து போயிருக்கிறாள். பாக்குவெட்டியை மேஜைமேல் வைத்து, இது எங்கம்மாவோடது, இதுல ரத்தம் பட்டதே இல்லைன்னு சொன்னாளாம். தோளைக் காட்டி, இது எங்க அண்ணன் போட்டது என்றாளாம். பிறகு விறகுச் சீட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். அத்தை வீட்டில் பேச்சு முறிந்துவிட்டது. சேதுபதிக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள். அவளுக்காக நான் செய்தது அத்தனையும் வீண்.

என்னைப் பார்க்க ஒரு முறை ஜெயிலுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு இதுதான்.

"அந்த மனுசன் உங்களப் பாத்தப்ப, வாயத் தொறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றாள்.

நீங்களும் இப்போது அதையே கேட்கிறீர்கள். அவன் கையைக் கிழித்தது நான். ஊருக்குக் காட்டிக்கொடுத்தது நான். அவன் கூப்பிட்டபோது பேசாமல் நின்றதும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த இடத்தில் நின்றிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினோரு பேர், கையில் கட்டையோடு. நான் வாயைத் திறந்திருந்தால் என்னையும் கொன்றுபோட்டிருப்பார்கள். உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டுமே என்று சும்மா இருந்தேன். இது யாருக்கும் புரியக்கூடிய விஷயம்தான். என் தங்கைக்கு மட்டும் ஏன் புரியவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.