ஒரு விரல்தான்

மல்லிப்பூ வைக்காமல் நான் வீட்டுக்குள்கூட நடமாடுவதில்லை. மற்றபடி எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது.

என் வீட்டுக்காரர் சகாதேவனுக்குச் சர்க்கரையால் பாத நரம்பெல்லாம் மரத்துப்போனது. ஒரு செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் பெரிய தெருவிலிருந்து வீடு வந்து சேர்ந்த மனிதர். எனக்கு அழுகைதான் வந்தது. ஆனால் கல்யாணமான நாள்முதல் கிரிவலத்தில் திரும்பியும் பாராமல் முன்னால் போனவர், அதற்கப்புறம்தான் "தமிழு, கைய குடு" என்றார். அதுவரை எனக்கு "இந்தா"தான் பேர். பாதி வழியில் ஆட்டோ ஏறினோம். ஆட்டோவிலும் கையை விடவில்லை.

வேங்கிக்காலில் பிசியோதெரபி பார்க்கும் தேவிப்ரியா நல்ல பெண். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, அடிமேல் அடி வைத்து நேர்கோட்டில் நடப்பது எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். மனிதர் தேறிக்கொண்டே வந்தார். கடைசியாக, வீட்டில் தினமும் கண்ணை மூடி நிற்கச் சொன்னாள்.

"சாஞ்சா புடிக்க நீங்க பக்கத்துலயே நில்லுங்கம்மா."

நின்றேன். அவர் சாயவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி இவர் முதுகைத்தான் பார்க்கப்போகிறேன் என்று தோன்றியது. ஒரு விரலால் லேசாகத் தள்ளினேன். உடனே பிடித்தும்கொண்டேன். அதையும் சொல்ல வேண்டுமல்லவா.

தினமும் அப்படித்தான். அவர் தேவிப்ரியாவிடம் முறையிட்டார்.

"கண்ண மூடனா மல்லிப்பூ வாசன வருதும்மா. வந்ததும் சாஞ்சிடறேன்."

நான் பூ வைப்பது அவர் கண்ணில் பட்டதே இல்லை. அவள் பயந்துபோய் வேலூருக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினாள். நானும் கூடக் கிளம்பினேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் என் கையைப் பிடித்தபடியே இருந்தார். தலைக்குள் ஒன்றுமில்லை என்றார்கள். அது எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும்.

ரிப்போர்ட்டைக் காட்டப் போனபோது தேவிப்ரியா என் கொண்டையைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீங்களாம்மா?"

"நான்தான்" என்றேன்.

அவரிடம் சொல்ல மாட்டேன், இனிமேல் அவர் கண்ணை மூடினால் நீங்கள் வாசலில் நிற்க வேண்டும் என்றாள். நின்றேன். இப்போது கல்தூண் மாதிரி நிற்கிறார். நான் மறுபடி "இந்தா" ஆகிவிட்டேன்.

நாளை பௌர்ணமி. அவர் முன்னால் போவார், நான் பின்னால் போவேன். நான் திருந்திவிட்டேன். பௌர்ணமிக்குப் பூ விலை ஜாஸ்தி. நாளைக்கு மட்டும் வைக்காமல் போவது அதனால்தான்.