எல்லாக் கட்டமும் நிறைந்த புத்தகம்

நாத்தனார்: அண்ணி, பையை எடுங்க. கிளம்பிடலாம்.

அண்ணி: எங்க கிளம்பறது? இப்பதான் முன் வரிசையில இடம் கெடைச்சுது. பின்னாடி உக்காந்தா திரையில எழுத்தே தெரியல.

நாத்தனார்: தெரியாம இருக்கறதே நல்லது.

அண்ணி: காலையில நீதானே லைப்ரரி மாநாடு, லைப்ரரி மாநாடுன்னு பறந்த? உங்க அண்ணனுக்கு சாப்பாடு எடுத்து வைக்கக்கூட விடல.

நாத்தனார்: அவனுக்குக் கையில்லையா? போட்டுத் தின்னட்டும்.

அண்ணி: உன் அண்ணன். நீயே சொல்லிக்க.

நாத்தனார்: பேச்சை மாத்தாதீங்க. மேடையில இருக்கற சாஃப்ட்வேர்காரர் முடிச்சதும் பரிசுதான். அதுக்குள்ள வெளியில போயிடணும்.

அண்ணி: அதைப் பாக்காமலா? வருஷத்தோட சிறந்த கேட்டலாக் ரெக்கார்டு. நம்ம தொழில்ல மேடையேறுறது அது ஒண்ணுதான். மத்த நேரமெல்லாம் இவங்க சாஃப்ட்வேர் விக்கறதை நாம கைதட்டிக் கேக்கணும்.

நாத்தனார்: அண்ணி... கடைசிச் சுற்றுல மூணு லைப்ரரி. அதுல ஒண்ணு நம்மளோடது.

அண்ணி: அப்படியா.

நாத்தனார்: அப்படியாவா? இருபத்தஞ்சு வருஷமா புத்தகத்தை ஒவ்வொண்ணா எடுத்து, அளந்து, படிச்சு, அதோட விவரத்தையெல்லாம் ரெக்கார்டா கம்ப்யூட்டர்ல ஏத்தறீங்க. ஒரு தடவையாவது யாராவது பேர் சொல்லியிருக்காங்களா? கொஞ்சமாவது குதிக்க வேண்டாமா?

அண்ணி: குதிச்சா முட்டி யாருக்கு வலிக்கும்? எந்த ரெக்கார்டு, அதைச் சொல்லு. அந்த மூணு மொழி அகராதியா? அதுக்கு நாலு நாள் மாரடிச்சேன்.

நாத்தனார்: இல்ல.

அண்ணி: கப்பல் கட்டறதைப் பத்தி பாகம் பாகமா வந்துச்சே...

நாத்தனார்: அதுவும் இல்ல. ‘மழைக்காலத்தில் துணி உலர்த்துவது எப்படி’.

அண்ணி: துணி உலர்த்தறதா?

நாத்தனார்: ஞாபகம் வருதா?

அண்ணி: ஓ. அதுவா.

நாத்தனார்: அண்ணி, அப்படி ஒரு புத்தகமே உலகத்துல கிடையாது.

அண்ணி: மெதுவா பேசு. பின்னாடி இருக்கறவங்க காது இங்கதான் இருக்கு.

நாத்தனார்: புது சாஃப்ட்வேர் வந்தப்போ, சோதிச்சுப் பாக்க ஒரு பொய் ரெக்கார்டு போடுங்கன்னு சொன்னேன். மத்தவங்கெல்லாம் என்ன பண்ணினாங்க? தலைப்புல ‘அஅஅ’, ஆசிரியர்ல ‘ஆஆஆ’. முடிஞ்சுது வேலை.

அண்ணி: கேட்டலாக்ல அஅஅன்னு தட்ட என் விரல் மடங்காது.

நாத்தனார்: அதுக்காக? நூத்திப் பன்னெண்டு பக்கம். இருபத்திரண்டு சென்டிமீட்டர் உயரம். படங்களுடன். கடைசியில சொல்லடைவுடன். உள்ளே என்ன இருக்குன்னு நாலு வரி சுருக்கம் வேற. பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே ஜாதகம் எழுதி வச்சிருக்கீங்க.

அண்ணி: அன்னிக்கு நல்ல மழை. வீட்டுல துவைச்சுப் போட்ட துணி மூணு நாளா காயல. மனசுல அதுதான் ஓடிச்சு.

நாத்தனார்: ஆசிரியர் பேரு ‘ஈரக்கை’.

அண்ணி: புனைபெயர்னா அப்படித்தான் இருக்கணும். ஒரு தடவை கேட்டா மறக்குமா?

நாத்தனார்: ரசிக்கற நேரமா இது?

அண்ணி: சரி, கோவிச்சுக்காத. சோதனை முடிஞ்சதும் பொய் ரெக்கார்டை எல்லாம் அழிச்சிடுவேன்னு நீதானே சொன்ன?

நாத்தனார்: அழிச்சேன். அதுக்குன்னே ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். அஅஅ, ஆஆஆ மாதிரி இருக்கறதையெல்லாம் தேடித் தேடி அழிச்சுது. உங்களோடதைப் பாத்து, இது நிஜப் புத்தகம்னு நம்பி விட்டுடுச்சு.

அண்ணி: ம்ம்.

நாத்தனார்: சிரிக்கறீங்க.

அண்ணி: இல்லடி. உன் ப்ரோக்ராமுக்கே நிஜம் மாதிரி தெரிஞ்சிருக்கே, அதை நெனைச்சேன்.

நாத்தனார்: அப்படியே நெனைச்சுக்கிட்டு இருங்க. நம்ம கேட்டலாக்லேருந்து முப்பது லைப்ரரி அந்த ரெக்கார்டை அப்படியே காப்பி எடுத்துக்கிச்சு. நாம எல்லாரும் சந்தேகம் கேக்கற மெயில் குழு இருக்கே, அதுல யாராவது ‘வீட்டு வேலை பத்தின புத்தகத்துக்கு, தேடறவங்க கண்ணுல படற மாதிரி பொருள் தலைப்பு எப்படிக் குடுக்கறது’ன்னு கேட்டா, ‘அந்தத் துணி ரெக்கார்டைப் பாருங்க’ங்கறாங்க. பாடமே நடத்தறாங்க.

அண்ணி: எந்தத் தலைப்பைச் சொன்னாங்க? ‘ஈரப்பதம், வீட்டுக்குள்’... அதையா?

நாத்தனார்: அண்ணி.

அண்ணி: கேட்டேன், அவ்வளவுதான். அந்தத் தலைப்பைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆச்சு.

நாத்தனார்: இதுல வாசகர்கள் வேற. புத்தகம் வந்ததும் எனக்குத்தான் முதல்ல வேணும்னு நாப்பத்தாறு பேர் ரிசர்வ் பண்ணிட்டுக் காத்திருக்காங்க.

அண்ணி: நாப்பத்தாறா? போன மாசம் நாப்பது...

நாத்தனார்: என்னது?

அண்ணி: நாப்பது பேர் வந்தாலே பெருசுன்னேன். மேல சொல்லு. பரிசுக்கு இதை யாரு அனுப்பினது?

நாத்தனார்: நான்தான்.

அண்ணி: தெரிஞ்சேவா?

நாத்தனார்: தெரிஞ்சு அனுப்புவேனா? ஒவ்வொரு லைப்ரரியும் ஒரு ரெக்கார்டு அனுப்பலாம்னு சொன்னாங்க. நம்மகிட்ட ஒண்ணேகால் லட்சம் இருக்கு. எதைன்னு பாக்கறது? எல்லாக் கட்டமும் நிறைஞ்சு இருக்கறது எதுன்னு ஒரு ப்ரோக்ராம் எழுதி ஓட்டினேன். இது முதல்ல வந்து நின்னுச்சு. பேரைக்கூடப் படிக்காம அனுப்பிட்டேன்.

அண்ணி: பின்ன? நிஜப் புத்தகத்துல எப்பவும் ஒரு கட்டமாவது காலியாத்தான் கெடக்கும். ஒண்ணுல வருஷம் இருக்காது, ஒண்ணுல பக்க எண் இருக்காது. பொய்யிலதான் எல்லாம் நிறையும்.

நாத்தனார்: இந்த ஞானத்தை ரெண்டு மாசம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?

அண்ணி: நீ கேட்டியா? எப்பத் தெரிஞ்சுது உனக்கு?

நாத்தனார்: போன வாரம். கடைசிச் சுற்றுக்கு வந்திருக்குன்னு கடிதம் வந்தப்போ.

அண்ணி: ஒரு வாரமா என் எதிர் மேஜையில உக்காந்துக்கிட்டு, ‘என்ன அண்ணி, சாப்ட்டீங்களா’ன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்க.

நாத்தனார்: நம்ம லைப்ரரி டைரக்டருக்கு நிலைகொள்ளல. எல்லாருக்கும் சொல்லிட்டாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லாதீங்க, ஆச்சரியமா இருக்கட்டும்னு நான்தான் தடுத்து வச்சேன்.

அண்ணி: அன்னிக்கே எழுதி வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே.

நாத்தனார்: எழுதினேன். மூணு தடவை எழுதினேன். அனுப்ப மனசு வரல.

அண்ணி: ஏன்?

நாத்தனார்: ஏன்னா... உங்க பேரு அந்தத் திரையில வரதைப் பாக்கணும்னு இருந்துச்சு. ஒரு நிமிஷமாவது. வெக்கங்கெட்ட ஆசை.

அண்ணி: பைத்தியம்.

நாத்தனார்: காலையில பாத்தேன்ல. டீ குடிக்கற இடத்துல ஆறு பேர் உங்களைச் சுத்தி நின்னாங்க. ஒரே எழுத்தாளர் பேரு நாலு விதமா இருந்தா எப்படிச் சேக்கறதுன்னு ஒருத்தர், மொழிபெயர்ப்பாளர் பேரை எங்க போடறதுன்னு ஒருத்தர். நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாங்க. இவங்க என் அண்ணின்னு நாலு பேர்கிட்ட நானா போய்ச் சொன்னேன். கேக்காதவங்ககிட்டயும் சொன்னேன்.

அண்ணி: அதான் ஒரு ஆள் வந்து, ‘நீங்கதான் அண்ணியா’ன்னு என்னைக் கேட்டாரா? எனக்கு ஒண்ணும் புரியல.

நாத்தனார்: இப்ப யோசிங்க. மேடையேத்தி, புத்தகம் எங்கன்னு கேட்டா? இல்லாத புத்தகத்தை இருக்குன்னு எழுதினவ கையை அப்புறம் யாரு நம்புவா? தப்பு என்னோடது, ரெக்கார்டுல இருக்கறது உங்க பேரு. இதே ஆறு பேரு நாளைக்கு என்ன சொல்லுவாங்க?

அண்ணி: அதுக்காகப் பொதுவுல எந்திரிச்சு ஓடறதா?

நாத்தனார்: ஓட வேண்டாம். நடந்தே போகலாம். உங்களுக்குத் தலைசுத்தல்னு நான் சொல்லிக்கறேன்.

அண்ணி: என் தலை நல்லாத்தான் இருக்கு.

நாத்தனார்: நல்லா இருக்கற தலையா அது? துணின்னாலே உங்களுக்கு ஒரு கிறுக்கு. ரெண்டு வருஷமா உங்க வீட்டுக்கு வந்தா ஹால் முழுக்கக் கொடி. ஒரு கொடிக்கு மின்விசிறி, ஒரு கொடிக்கு அடியில ஈரத்தை இழுக்க உப்புப் பை. அண்ணன் டிவி பாக்கறதுக்கே குனிஞ்சு போறான்.

அண்ணி: வெயில் வராத வீடு. குனிஞ்சா அவருக்கு இடுப்புக்கும் நல்லதுதான்.

நாத்தனார்: அய்யோ, அந்த அம்மா நம்ம பக்கமா வராங்க. நடுவர் குழுத் தலைவி. அண்ணி, கடைசியாச் சொல்றேன், எந்திரிங்க.

அண்ணி: உக்காரு.

நடுவர்: வணக்கம். அந்தத் துணி ரெக்கார்டு நீங்க போட்டதுதானே?

அண்ணி: ஆமாங்க.

நடுவர்: உங்களைப் பாக்கணும்னுதான் இறங்கி வந்தேன். எத்தனையோ வருஷமா ரெக்கார்டு படிக்கறேன், பாதியில கண்ணு சொக்கும். உங்க நாலு வரிச் சுருக்கத்தைப் படிச்சதும் எங்க வீட்டுத் துணி காய்ஞ்சுட்ட மாதிரி இருந்துச்சு. இப்பவே சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். முதல் பரிசு உங்களுக்குத்தான்.

அண்ணி: ரொம்ப சந்தோஷம்.

நடுவர்: புத்தகம் கொண்டு வந்திருக்கீங்கல்ல? மேடையில ரெக்கார்டையும் புத்தகத்தையும் பக்கத்துல வச்சுக் காட்டறது எங்க வழக்கம். கடிதத்துல எழுதியிருந்தோமே.

நாத்தனார்: அம்மா, ஒரு நிமிஷம்... அது வந்து...

அண்ணி: நீ சும்மா இரு.

நாத்தனார்: சும்மா இருக்க முடியாது அண்ணி. அம்மா, தப்பு முழுக்க என்னோடது. சாஃப்ட்வேர் பாக்கறது நான்தான். இவங்க சோதனைக்காகப் போட்ட ரெக்கார்டு அது. அழிக்காம விட்டது நான். சரிபாக்காம அனுப்பினது நான். தெரிஞ்சும் ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்ததும் நான். அப்படி ஒரு புத்தகமே இல்ல. இவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

நடுவர்: புத்தகமே... இல்லையா?

நாத்தனார்: இல்லம்மா.

நடுவர்: நாங்க அஞ்சு பேர் உக்காந்து ஒரு மாசம் படிச்சோமே.

நாத்தனார்: மன்னிச்சுக்கங்க.

நடுவர்: என்னம்மா இது... மனசே ஒப்பல. ஆனா போட்டிக்கு விதின்னு ஒண்ணு இருக்கு. புத்தகம் இல்லாத ரெக்கார்டுக்குப் பரிசு கிடையாது. ரெண்டாவது வந்த லைப்ரரியைத்தான் கூப்பிடணும்.

அண்ணி: கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். இவ சொன்னது பொய்யில்ல. ஆனா அது பழைய நிலவரம். இந்தாங்க.

நடுவர்: இது என்ன... ‘மழைக்காலத்தில் துணி உலர்த்துவது எப்படி’. ஈரக்கை.

நாத்தனார்: அண்ணி?

அண்ணி: அளந்து பாத்துக்கங்க. பிரஸ்காரர் இருபத்தொண்ணு சென்டிமீட்டர் போதும், காகிதம் மிச்சமாகும்னாரு. ரெக்கார்டுல இருபத்திரண்டு இருக்கு, ஒரு நூல் குறையக் கூடாதுன்னு சண்டை போட்டு வாங்கினேன்.

நடுவர்: நூத்திப் பன்னெண்டு பக்கம்... படம் இருக்கு... சொல்லடைவு இருக்கு. போர்வை, பள்ளிச் சீருடை, தொட்டில் துணி... எல்லாம் வரிசையா.

அண்ணி: நூத்தி நாலு பக்கத்துல விஷயம் தீந்து போச்சு. ரெக்கார்டுக்கு எட்டுப் பக்கம் பாக்கி. அதான் காலணி உலர்த்தறதுக்கு ஒரு அத்தியாயம் சேத்தேன். நல்லாவே வந்திருக்கு.

நாத்தனார்: ஹால் பூரா அந்தக் கொடி... அதெல்லாம்...

அண்ணி: செஞ்சு பாக்காம எழுத முடியுமா? ஊர்ல எல்லாரும் புத்தகத்தைப் பாத்து ரெக்கார்டு எழுதறாங்க. நான் ரெக்கார்டைப் பாத்து புத்தகம் எழுதினேன்.

நடுவர்: அப்போ இதுல இருக்கற வருஷம்?

அண்ணி: அது ஒண்ணுதான் தப்பு. ரெக்கார்டுல மூணு வருஷம் முந்தி இருக்கு, புத்தகம் நேத்து சாயங்காலம்தான் பிரஸ்லேருந்து கைக்கு வந்துச்சு. மேடையில மைக் குடுத்தீங்கன்னா நடந்ததை முழுசா சொல்லிட்டு, வருஷத்தை எல்லார் முன்னாடியும் திருத்திட்டு வாங்கிக்கறேன். சொல்ல விடலைன்னா ரெண்டாவது ஆளுக்கே குடுத்துடுங்க. எனக்கு வருத்தமில்ல.

நடுவர்: ரெக்கார்டுக்கு ஒரு புத்தகம் இருக்கணும்னு விதியில இருக்கு. எது முதல்ல பொறக்கணும்னு போடல. நீங்க வாங்க. நான் போய் மைக்கைச் சரிபண்ணச் சொல்றேன்.

நாத்தனார்: நான் இங்க ஓடலாம் வாங்கன்னு கெஞ்சறேன். நீங்க இதைப் பையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க.

அண்ணி: நீ எவ்வளவு தூரம் போறன்னு பாத்தேன். என் தப்பையும் சேத்து உன் தலையில போட்டுக்கிட்டியே, அதுக்கு மேல பொறுக்கல, பைக்குள்ள கையை விட்டுட்டேன்.

நாத்தனார்: பரிசு விஷயம் எப்படித் தெரியும்?

அண்ணி: டைரக்டர் எல்லாருக்கும் சொன்னாருங்கற. ரகசியம் தங்கற முகமா அது? வராந்தாவுல என்னைப் பாத்தாலே சிரிச்சுக்கிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்கறாரு.

நாத்தனார்: ரெக்கார்டு அழியாம இருக்கறதும் முன்னாடியே தெரியுமா? அழிச்சிருக்கலாமே அண்ணி. ஒரே ஒரு பொத்தான். ரெண்டு வருஷம் உக்காந்து ஒரு புத்தகத்தை எழுதறதுக்கு...

அண்ணி: ரெண்டு வருஷம் முன்னாடி அழிக்கத்தான் போனேன். அன்னிக்குன்னு கவுன்ட்டருக்கு ஒரு அப்பா வந்தாரு. வீட்டுல ரெட்டைக் குழந்தை, வெளியில அடைமழை, துணி ஒண்ணும் காயல, கேட்டலாக்ல இந்தப் புத்தகத்தைப் பாத்தேன், எங்க இருக்குன்னு கேட்டாரு. அவர் மூஞ்சியைப் பாத்துட்டு இல்லைன்னு சொல்ல வாய் வரலடி. ‘பைண்டிங்குக்குப் போயிருக்கு, வந்துடும்’னு சொல்லிட்டேன். காத்திருக்கறவங்க எல்லாருக்கும் நாளைக்குச் சேதி அனுப்பு, பைண்டிங் முடிஞ்சு வந்துடுச்சுன்னு.